மறுமொழி: ‘எதிரீட்டு அகலம்’ சரிவராது

எல்லோருக்கும் வணக்கம்,

இணையப்பக்கம் செய்கிறவர்களின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் போட்டுச் சென்னைத் தம்பி அனுப்பிய சொற்பட்டியலை நேற்றிரவுதான் ஆறுதலாக இருந்து வாசித்தேன். உழைப்பு தெரிகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இணையப் பக்கத்தில் ஒரு பெட்டியின் அளவை ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி கொண்டு எடுக்கிற இடத்தில் ஓஃப்செட்விட்த்துக்கு (offsetWidth) ‘எதிரீட்டு அகலம்’, கிளையண்ட்விட்த்துக்கு (clientWidth) ‘வாடிக்கையாளர் அகலம்’ என்று போட்டிருக்கிறீர்களே, அந்த இரண்டையும் என்னால் விழுங்க முடியவில்லை. இரண்டாவதைக் கேட்டால் தையல்கடையில் வந்து நிற்கிறவரின் இடுப்பளவுதான் ஞாபகம் வருகிறது. அந்தக் கிளையண்ட் கடைக்கு வருகிற ஆள் இல்லை. சாளரம் ஒன்றின் சட்டத்தையும் உருள்பட்டையையும் (ஸ்க்ரோல்பார்) கழித்துவிட்டு உள்ளே எழுத, வரையக் கிடைக்கிற இடத்துக்கு விண்டோஸ் காரர் வைத்த பெயரின் மிச்சம் அது.

ஓஃப்செட் கதையும் அப்படித்தான். இந்த அளவுப் பெயர்க் குடும்பத்தை 1997இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 என்ற உலாவி கொண்டுவந்தது, மற்ற உலாவிகள் பின்னால் வந்து எடுத்துக்கொண்டன, தரமாக எழுதி வைத்தது அதற்கும் எவ்வளவோ பிந்தி. ஓஃப்செட்லெஃப்ட், ஓஃப்செட்டொப் என்பவற்றில் அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது, ஒரு பெட்டி தனக்கு ஆதாரமான மேற்பெட்டியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அவை சொல்கின்றன. ஓஃப்செட்விட்த்துக்கு அது வெறும் குடும்பப்பெயர். குடும்பப்பெயரை மொழிபெயர்த்தால் ஆளை விளங்குமா?

என் பக்கத்துச் சோலியைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பெடியளுக்கு இணையப்பக்கம் செய்யப் படிப்பிக்கிறேன். ஒருவன் தமிழ்த் தலைப்புகள் வைத்த பக்கம் ஒன்று செய்தான். தமிழ்ச் சொல் நீளமானது உங்களுக்குத் தெரியும், ‘தொடர்புகொள்ளுங்கள்’ என்று ஒன்றை வைத்தால் பெட்டி பிதுங்கும். பிதுங்கினால் எழுத்தைச் சின்னதாக்கு என்று ஒரு நிரல் எழுதியிருந்தான். (நிரல் என்று நான் சொல்வது புரோகிராமை, பள்ளிக்கூடத்துக் கணக்கில் மேலிருந்து கீழாக வருகிற வரிசையை அல்ல.) நிரல் ஓடுகிறது, எழுத்து சின்னதாகவில்லை, சொல் கண்ணுக்கு முன்னால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

பார்த்தால் கணக்கு இப்படி. உள்ளடக்கத்துக்கு 300 பிக்சல், இரண்டு பக்கமும் உள்ளடக்கத்துக்கும் கரைக்கும் நடுவில் உள்ளிடைவெளி 20 படி, சுற்றியுள்ள கரை 5 படி. கரையையும் சேர்த்தால் 350, அது ஓஃப்செட்விட்த்; கரையை விட்டால் 340, அது கிளையண்ட்விட்த். வெளியே வழிவதையும் சேர்த்து எண்ணுகிற ஸ்க்ரோல்விட்த் (scrollWidth) வழிந்த சொல்லோடு 346 காட்டியது. அவன் 346ஐ 350உடன் ஒப்பிட்டிருக்கிறான். சின்னதுதானே, பிதுங்கவில்லை என்று நிரல் முடிவெடுத்துவிட்டது. 340உடன் ஒப்பிட்டிருந்தால் அந்த நிமிடமே பிடிபட்டிருக்கும். ஆறு பிக்சலும் இரண்டு பக்கக் கரையின் கணக்குக்குள் ஒளிந்துகொண்டு அவனுக்கு ஒரு பின்னேரத்தை விழுங்கிவிட்டது.

அவனுக்கு நான் ஓஃப்செட், கிளையண்ட் என்று எதையும் விளங்கப்படுத்தவில்லை. “உன்ர வீட்டு வளவை அளக்கேக்க வேலியோட அளப்பியோ, வேலிக்கு உள்ளுக்கு அளப்பியோ?” என்று கேட்டேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம். ஒரு கதியால், அதாவது வேலிக்கு நட்ட தடி, அரை அடி அங்காலே போனதற்கு இரண்டு தலைமுறை கதைக்காமல் இருந்த வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. வீடு உள்ளடக்கம், முற்றம் உள்ளிடைவெளி, வேலி கரை, வேலிக்கு வெளியே ஒழுங்கை. ஒழுங்கை ஆருடைய காணி உறுதியிலும் இல்லை, அதே மாதிரி பெட்டியின் கரைக்கு வெளியே விடுகிற இடைவெளியான மார்ஜினை இந்த அளவுகளில் ஒன்றுமே கணக்கில் எடுக்காது. இடம் பிடிக்கிற உருள்பட்டை வந்தால் அது முற்றத்தில் சாய்ப்பாக இறக்கின பத்தி, வேலியோடு அளந்தால் அளவு மாறாது, உள்ளே அளந்தால் அந்தப் பதினைந்தோ பதினேழோ பிக்சல் குறையும்.

ஆகவே நான் சொல்வது, ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டு எதை எண்ணுகிறது என்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம். ஓஃப்செட்விட்த் – புற அகலம். கிளையண்ட்விட்த் – உள்ளகலம். ஸ்க்ரோல்விட்த்துக்கு ‘சுருள் அகலம்’ என்று போட்டிருக்கிறீர்கள், அது சுருட்டி வைத்த பாயின் அகலம். நமக்கு வேண்டியது விரித்துப் போட்டால் வருகிற அகலம், எனவே விரியகலம். ‘கரையகலம்’ என்றும் யோசித்தேன், சேலைக்கரை வேட்டிக்கரை என்று எல்லோர் வாயிலும் உள்ள சொல், ஆனால் அது கரையின் சொந்தத் தடிப்புக்குத்தான் பொருந்தும், அந்த 5 பிக்சலுக்கு.

பெட்டி திரையில் தெரிகிற அளவைச் சொல்கிற கெட்பவுண்டிங்கிளையண்ட்ரெக்ட் (getBoundingClientRect) என்ற நீட்டுப் பெயருக்குத் ‘தோற்ற அளவு’ என்றால் என்ன? அதே பெட்டியை, தோற்றத்தை மட்டும் மாற்றுகிற ட்ரான்ஸ்ஃபோர்ம் (transform) போட்டுப் பாதியாகச் சுருக்கினால் ஓஃப்செட்விட்த் அசையாமல் 350 என்றே சொல்லும், இது 175 என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும். அதோடு தசமத்தையும் வெட்டாமல் தரும், மற்ற மூன்றும் முழு எண்ணாக்கிவிடும்.

கடைசியாக, பட்டியலில் உள்ள ‘அளவிடல்’ என்பதை ‘அளவெடுத்தல்’ என்று மாற்றலாமோ? டிஸ்ப்ளே நன் (display: none) போட்டுப் பக்கத்திலிருந்தே மறைத்த பெட்டியைக் கேட்டால் 0 என்றுதான் வரும். ஆள் வந்து நின்றால்தானே தையல்காரர் அளவெடுப்பார்.

அன்புடன்,
கோண்டாவிலிலிருந்து

*

அண்ணா, வணக்கம்.

வாடிக்கையாளர் அகலம் என் தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். தூக்கக் கலக்கத்தில் அகராதியைப் பார்த்துப் போட்டது. விரியகலம் அருமை, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தோற்ற அளவும் சரி.

ஆனால் புற அகலம் எனக்கு இடிக்கிறது. நீங்களே மார்ஜின் கணக்கில் வராது என்கிறீர்கள். ‘புறம்’ என்று கேட்டதும் புதிதாகப் படிக்கிறவர் மார்ஜினையும் சேர்த்து எண்ண மாட்டாரா? நான் எண்ணுவேன். எங்கள் ஊரில் யாரும் வேலியை வைத்துக் கணக்குச் சொல்லித் தரவில்லை, அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளைக்கு ஒழுங்கை என்றாலே அகராதி வேண்டும். கரை என்ற சொல்லைப் பிடித்துவிட்டு ஏன் விட்டீர்கள்? ‘கரைசேர் அகலம்’, ‘கரைநீங்கு அகலம்’ என்றால் எது உள்ளே எது வெளியே என்பது சொல்லிலேயே இருக்கிறதே. உயரத்துக்கும் அப்படியே ஒட்டலாம்.

– சென்னையிலிருந்து

*

தம்பி,

பிடித்துவிட்டீர்கள். புறம் என்றால் எவ்வளவு புறம் என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை, வேலியைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டே யோசித்திருக்கிறேன்.

கரைசேர் அகலம் என்றதும் முதலில் சிரிப்பு வந்தது, மகளைக் கரைசேர்த்தாச்சோ என்று கேட்கிற ஊர் இது. ஆனால் நாலைந்து தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், வினைத்தொகையாக நன்றாகவே உட்காருகிறது, சிரிப்பு வந்தால் மறக்கவும் மாட்டார்கள். கரைநீங்கு அகலத்தில் ஒரு சின்னக் குறை, உருள்பட்டையும் நீங்குகிறது என்பது அதில் இல்லை. அதற்கும் இடம் கொடுக்கப் போனால் சொல் ரயில்பெட்டி மாதிரி நீளும், விளக்கத்தில் ஒரு வரி போட்டுவிடுவோம்.

வருகிற சனி பெடியளிடம் மூன்று எண்ணையும் கொடுத்து, இந்தப் பெயர்களை மட்டும் சொல்லி, எது எது என்று கேட்கப் போகிறேன். ஆங்கிலப் பெயரைப் பலகையில் எழுத மாட்டேன். நாலு பேராவது சரியாகச் சொன்னால் உங்கள் சொல்லையே பட்டியலில் ஏற்றுங்கள். சொல்லாவிட்டால் திரும்பச் சண்டை பிடிப்போம்.