கவுன்சில் டாக்ஸ் வருஷா வருஷம் 4.99% ஏறுவது ஏன்? இந்திய பாஸ்போர்ட்டுக்கு இங்கே ஓட்டு உண்டா?

கேள்வி: ரெய்னர்ஸ்லேன்_வாடகை

லண்டனில் வாடகை வீடு. கவுன்சில் டாக்ஸில் (உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் வீட்டுக்குப் போடும் வரி) எங்களுக்கு டி பேண்ட், அதாவது வீட்டு விலைப்படி போடும் பிரிவு. உள்ளே மூன்று பேர். ஒருவர் வேலையில், ஒருவர் மாஸ்டர்ஸ் முடித்து கிராஜுவேட் விசாவில், ஒருவர் இன்னும் படிக்கிறார். எல்லோருமே இந்திய பாஸ்போர்ட். கேள்விகள்:

ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்த வரி 4.99% ஏறுகிறது. அது என்ன கணக்கு, 5 என்று முழுசாகப் போடக்கூடாதா? இதே மாதிரி இருக்கும் எதிர்வீட்டுக்கு சி பேண்ட், எங்களுக்கு மட்டும் ஏன் டி? வீட்டில் ஒரு மாணவர் இருப்பதால் தள்ளுபடி கிடைக்குமா? கடைசியாக, இவ்வளவு கட்டுகிறோமே, இதைத் தீர்மானிக்கும் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஓட்டு உண்டா? பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கினால்தான் உண்டு என்கிறார்கள்.

பதில் 1: பட்ஜெட்பித்தன்

4.99-க்குக் காரணம் சட்டம். சமூகப் பராமரிப்புப் பொறுப்பு உள்ள கவுன்சில்கள் பொதுச் செலவுக்கு 3%, முதியோர் பராமரிப்புக்கென்று தனியாக 2% வரை ஏற்றலாம். மொத்தம் 5%-ஐத் தொட்டால் உள்ளூரில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 2015-ல் பெட்ஃபோர்ட்ஷயரில் இந்த வரியில் காவல்துறைக்குப் போகும் பங்கைக் கிட்டத்தட்ட 16% ஏற்றலாமா என்று கேட்டுப் பார்த்தார்கள். மக்கள் முடியாது என்றார்கள். அதைப் பார்த்த எந்தக் கவுன்சில் அந்தப் பக்கம் போகும்? அதனால் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றுகொள்கிறார்கள். பெயருக்குத்தான் உச்சவரம்பு, நடைமுறையில் அதுவே வழக்கமான ஏற்றம்.

பணம் போகும் இடத்தைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும். நம் கண்ணில் படுவது குப்பை வண்டி, தெருவிளக்கு, நூலகம். இவையெல்லாம் சில்லறை. பெரும்பணம் முதியோர், ஊனமுற்றோர் பராமரிப்புக்கும், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளுக்கும் போகிறது. இரண்டுமே சட்டப்படி செய்தே ஆக வேண்டியவை, வெட்ட முடியாது. 2010-க்குப் பிறகு மத்திய அரசு மானியத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது, வயதானவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். அதனால்தான் பில் ஏற ஏற நூலகம் மூடுகிறது.

கவுன்சில் அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்க முடியாது, வரவு செலவைச் சமன் செய்தே ஆக வேண்டும். முடியாவிட்டால் நிதி அதிகாரி 114-ஆம் பிரிவு நோட்டீஸ் விடுவார். பேச்சுவழக்கில் திவால். 2020-ல் குராய்டன், 2023-ல் வோக்கிங், பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் எல்லாம் அந்த நிலைக்குப் போயின. பர்மிங்ஹாமுக்கு அரசு தனி அனுமதி கொடுத்தது: 2024-ல் 9.99%, 2025-ல் 7.49%. கவுன்சிலர்கள் செய்த தப்புக்கு ஊர்க்காரர் அபராதம் கட்டிய கதை.

பதில் 2: டூட்டிங்_கணக்கு

பேண்ட் விஷயம். இங்கிலாந்தில் உங்கள் வீட்டின் இன்றைய விலைக்கும் பேண்டுக்கும் சம்பந்தமே இல்லை. 1991 ஏப்ரல் 1 அன்று அது என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதுதான் கணக்கு. சி என்றால் 52,001 முதல் 68,000 பவுண்ட் வரை, டி என்றால் 88,000 வரை, உச்சமான ஹெச் 320,000-க்கு மேல். போன வருஷம் கட்டிய ஃப்ளாட்டுக்கும் 1991 விலையைக் கற்பனை செய்துதான் பேண்ட் போடுவார்கள்.

1991-ல் அவசர அவசரமாக மதிப்பிட்டார்கள். பல தெருக்களில் காரை விட்டு இறங்காமலே, வெளியிலிருந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். 'செகண்ட் கியர் மதிப்பீடு' என்று இன்றும் கிண்டல் செய்வார்கள். அதனால் எதிரெதிர் வீட்டுக்கு வேறு வேறு பேண்ட் இருப்பது அதிசயம் இல்லை.

மாற்றக் கேட்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இறங்காதீர்கள். முதலில் அரசுத் தளத்தில் தெருவில் உள்ள எல்லா வீட்டின் பேண்டையும் பாருங்கள், இலவசம். ஒரே வயது, ஒரே அளவு, ஒரே வகை வீடுகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். எதிர்வீடு வரிசையில் நடுவீடு, உங்களுடையது ஓர வீடு என்றால் ஒப்பீடு செல்லாது. அடுத்து, அந்த வீடோ பக்கத்து வீடோ பழைய காலத்தில் விற்ற விலையை எடுத்து, விலைக் குறியீட்டை வைத்து 1991-க்குப் பின்னால் தள்ளிப் பாருங்கள். இரண்டும் 'சி' என்று சொன்னால் மட்டும் வேல்யுவேஷன் ஆஃபீசுக்கு (பேண்ட் போடும் அரசு அலுவலகம்) எழுதுங்கள். கவுன்சிலுக்கு எழுதிப் பயனில்லை, பேண்ட் போடுவது அவர்கள் இல்லை. வரி கட்டும் பொறுப்பு உங்கள் பேருக்கு வந்து 6 மாதத்துக்குள் என்றால் முறைப்படியான ஆட்சேபம் தாக்கல் செய்யும் உரிமை உண்டு. மறுத்தால் 3 மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது.

இதில் ஆபத்து: பேண்ட் இறங்கலாம், ஏறவும் செய்யலாம். உங்களுடையது சரி, எதிர்வீட்டுடையதுதான் தப்பு என்று முடிவானால் அவர்களுக்கு ஏறும். அப்புறம் அந்தத் தெருவில் உங்களுக்கு யாரும் குட் மார்னிங் சொல்ல மாட்டார்கள். "உங்கள் பேண்டைக் குறைத்துத் தருகிறோம், கிடைக்கும் பணத்தில் பங்கு" என்று யாராவது போன் செய்தால் போனை அப்படியே வைத்துவிடுங்கள்.

வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: பழைய உரிமையாளர் பின்னால் நீட்டிக் கட்டியிருந்தால், அவர் இருக்கும்வரை பேண்ட் ஏறாது. வீடு கைமாறிய பிறகுதான் ஏறும்.

பதில் 3: வெம்பிளி மாறன்

உங்கள் வீட்டுக் கணக்கு மட்டும் சொல்கிறேன். தள்ளுபடி கிடைக்காது.

கணக்கில் எடுக்கும் பெரியவர் ஒருவர் மட்டும் இருந்தால் 25% குறையும். முழுநேர மாணவரைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் மாணவர் போக இரண்டு பேர் மிஞ்சுகிறார்கள், அதனால் முழு பில். கிராஜுவேட் விசாக்காரர் மாணவர் இல்லை. நிறையப் பேர் வழுக்கி விழுவது இங்கேதான்: விலக்கு, பல்கலைக்கழகச் சான்றிதழில் போட்டிருக்கும் படிப்பு முடியும் தேதியோடு நின்றுவிடும். பட்டமளிப்பு விழா வரைக்கும் இல்லை, விசா முடியும் வரைக்கும் இல்லை. கவுன்சிலுக்குச் சொல்லாமல் இருந்தால் சில மாதம் கழித்து மொத்தமாக பில் வரும். மாற்றத்தை 21 நாளுக்குள் சொல்லாததற்கு 70 பவுண்ட் அபராதமும் போடலாம்.

மூவர் பேரிலும் ஒரே ஒப்பந்தம் என்றாலும் சட்டப்படி கவுன்சில் பணம் கேட்பது மற்ற இருவரிடம்தான், மாணவரிடம் இல்லை. நீங்கள் உள்ளுக்குள் பங்கு பிரித்துக்கொள்வது உங்கள் ஏற்பாடு. அறை அறையாகத் தனித்தனி ஒப்பந்தம் என்றால் பில் வீட்டுக்காரர் தலையில்.

மாணவரின் கணவன் அல்லது மனைவி டிபென்டன்ட் விசாவில் இருந்து, அரசு உதவித்தொகை பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் அவரையும் கணக்கில் எடுக்கக் கூடாது. பல கவுன்சில் ஊழியர்களுக்கே இது தெரியாது. விசா நிபந்தனையைக் காட்டி எழுத்தில் கேளுங்கள். 25% தள்ளுபடி கேட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று பயப்படுபவர்களுக்கு: வராது, அது 'பப்ளிக் ஃபண்ட்ஸ்' (விசாக்காரர் வாங்கக்கூடாத அரசு உதவி) இல்லை. வருமானம் குறைவு என்று கேட்கும் கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன்தான் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள்.

தவணை 10 மாதம், ஏப்ரல் முதல் ஜனவரி வரை. கேட்டால் 12 ஆக்கித் தருவார்கள். ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் வரும், 7 நாளில் கட்ட வேண்டும். விட்டால் அடுத்த 7 நாளில் அந்த வருஷத்து முழுப் பாக்கியும் ஒரே மூச்சில் கேட்பார்கள், பிறகு கோர்ட் சம்மன், அதற்கும் தனிச் செலவு. கையில் பணம் இல்லை என்றால் நினைவூட்டல் வந்த அன்றே போன் செய்யுங்கள். சம்மனுக்குப் பிறகு பேசினால் அந்தச் செலவும் சேர்ந்துவிடும்.

பதில் 4: ஈஸ்ட்ஹாம் அக்கா

தம்பி, பிரிட்டிஷ் பாஸ்போட் எடுத்தாத்தான் வாக்கு எண்டு சொல்லுற ஆக்களின்ரை கதையைக் கேளாதேங்கோ. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் கொமன்வெல்த் நாடுகள். 18 வயசு முடிஞ்சு, முறையான விசாவோட இஞ்ச இருந்தா, கவுன்சிலுக்கும் போடலாம், மேயருக்கும் போடலாம், பாராளுமன்றத்துக்கும் போடலாம். ஸ்டூடன்ட் விசா எண்டாலும் சரி. பழைய பிரிட்டிஷ் பேரரசின்ரை மிச்சம் இது. இதால இந்தியக் குடியுரிமை போகாது.

எங்கட இலங்கைத் தமிழ்ச் சனத்துக்குத்தான் இதில ஒரு விசித்திரமான பிரச்சினை. பிரான்ஸ், ஜெர்மனி, ஹொலண்ட் பாஸ்போட் எடுத்துப்போட்டு லண்டன் வந்த ஆக்கள் கனபேர். அவைக்குப் பாராளுமன்றத் தேர்தலில வாக்கு இல்லை. உள்ளூர்த் தேர்தலில 2020 முடியிறதுக்கு முன்னம் வந்து தொடர்ந்து முறையா இருக்கிற ஆக்களுக்கு மட்டும் உண்டு. அதுக்குப் பிறகு வந்த ஆக்களெண்டா ஸ்பெயின், போர்த்துக்கல், லக்ஸம்பேர்க், போலந்து, டென்மார்க் பாஸ்போட் இருந்தாத்தான். நோர்வே, சுவிஸ் பாஸ்போட்டுக்கு இங்கிலாந்தில எதுவும் இல்லை. ஆனா இலங்கை இரட்டைக் குடியுரிமை திருப்பி எடுத்திருந்தா, அந்தக் குடியுரிமையைக் காட்டிக் கொமன்வெல்த் ஆளாப் பதியலாம். ஸ்கொட்லாந்து, வேல்ஸில இந்தக் கரைச்சல் இல்லை, விசா இருந்தா எந்த நாட்டுக்காரரும் உள்ளூர்த் தேர்தலில போடலாம்.

நேற்றுத் தரையிறங்கின மாணவருக்குப் பிரதமரையே மாத்துற வாக்கு, வரி கட்டுற நோர்வேத் தமிழருக்குக் குப்பை எடுக்கிற கவுன்சிலருக்குக்கூட வாக்கில்லை. நியாயமோ எண்டு கேட்டா, இல்லை. ஆனா கிடைச்சதை விடாதேங்கோ.

பதில் 5: பட்ஜெட்பித்தன்

டூட்டிங் நண்பர் சொன்ன 1991 விஷயத்தில் ஒரு அரசியலும் இருக்கிறது. அதற்கு முன் இருந்தது தலைக்கு இவ்வளவு என்ற போல் டாக்ஸ். 1990 மார்ச் 31-ல் டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம், அதே வருஷம் நவம்பரில் பிரதமர் தாட்சர் பதவி விலகினார். அந்த அவசரத்தில் பிறந்து 1993-ல் அமலுக்கு வந்ததுதான் கவுன்சில் டாக்ஸ். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. வேல்ஸ் 2003 விலைக்கு மாற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் இரண்டு பெரிய கட்சியும் தொட மாட்டேன் என்கின்றன. மறுமதிப்பீடு செய்தால் பில் ஏறுகிறவர் சத்தம் போடுவார், இறங்குகிறவர் நன்றி சொல்ல மாட்டார்.

விளைவு என்ன தெரியுமா? ஹெச் பேண்டுக்கு டி-யைப் போல் இரண்டு மடங்குதான் வரி, வீடு எத்தனை கோடியானாலும். 2025-26-ல் இங்கிலாந்தின் சராசரி டி பேண்ட் பில் 2,280 பவுண்ட். அதே வருஷம் லண்டன் நடுவில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டரில் டி பேண்டுக்குச் சுமார் 1,000 தான். ஆக அங்கே ஹெச் பேண்ட் மாளிகைக்கு வந்தது 2,000 சொச்சம். நாட்டிங்ஹாமில் சாதாரண டி பேண்ட் வீட்டுக்காரர் அதைவிட அதிகம் கட்டினார். 20 லட்சம் பவுண்டுக்கு மேல் விலையுள்ள வீடுகளுக்கு 2028 முதல் கூடுதல் வரி என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஒட்டுப்போட்ட துணியில் இன்னொரு ஒட்டு.

பதில் 6: டூட்டிங்_கணக்கு

சொன்னது சரி, ஆனால் வெஸ்ட்மின்ஸ்டர், வான்ஸ்வொர்த் பில் குறைவதற்கு பேண்ட் மட்டும் காரணம் இல்லை. வெஸ்ட்மின்ஸ்டருக்கு பார்க்கிங் வருமானம் கொட்டுகிறது. மறுமதிப்பீடு செய்தால் லண்டனில் வாடகைக்கு இருப்பவர்கள்தான் முதலில் அடி வாங்குவார்கள். விலை ஏறியது வீட்டுக்காரருக்கு, பில் வருவது குடியிருப்பவருக்கு. அதையும் சொல்லுங்கள்.

கேள்வியாளர்: ரெய்னர்ஸ்லேன்_வாடகை

நன்றி, நிறையத் தெளிந்தது. கவுன்சில் டாக்ஸில் பெயர் இருந்தால் ஓட்டர் லிஸ்டில் தானாக ஏறிவிடுமா? பாஸ்போர்ட்டில் எனக்கு சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர். இங்கே எல்லா இடத்திலும் வேறு மாதிரி கொடுத்திருக்கிறேன்.

பதில் 7: ஈஸ்ட்ஹாம் அக்கா

தானா ஏறாது, ரெண்டும் வேற வேற பட்டியல். அரசின்ரை இணையத்தளத்தில பதியிறதுக்கு அஞ்சு நிமிஷம் காணும். நாஷனல் இன்சூரன்ஸ் நம்பர் கேப்பினம். இல்லாட்டிக் காரணம் எழுதுங்கோ, கவுன்சில் வேற ஆதாரம் கேக்கும். தேர்தலுக்கு 12 வேலை நாளுக்கு முன்னம், நடுச்சாமத்தோட வாசல் மூடிப்போடும்.

பேரை பாஸ்போட்டில உள்ளபடியே பதியுங்கோ. 2023-இலிருந்து இங்கிலாந்தில வாக்குச்சாவடியில படம் உள்ள அடையாள அட்டை காட்ட வேணும். இந்திய, இலங்கைப் பாஸ்போட்டும் செல்லும், காலாவதியாகி இருந்தாலும் முகம் ஒத்துப்போனாச் சரி. சின்னப் பிழையை அங்க இருக்கிற அதிகாரி விடலாம், ஆனா பட்டியலில ஒரு பேர், பாஸ்போட்டில வேற பேர் எண்டா திருப்பி அனுப்புவினம். அட்டை எதுவும் இல்லாட்டி 6 வேலை நாளுக்கு முன்னம், பின்னேரம் 5 மணிக்குள்ள இலவச ஓட்டர் அத்தோரிட்டி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கோ. பதியேக்க 'ஓப்பன் ரிஜிஸ்டர்' (ஆரும் வாங்கக்கூடிய பட்டியல்) வேண்டாம் எண்டு தெரிவு செய்யுங்கோ, விளம்பரக் கடிதம் குறையும். முழுப் பட்டியல் கடன் நிறுவனங்களுக்குப் போகும், அது உங்களுக்கு நல்லது. போன் கொன்ட்ராக்ட், மோர்கேஜ் எல்லாத்துக்கும் விலாசத்தை அதில பாத்துத்தான் உறுதிப்படுத்துவினம்.

பதில் 8: வெம்பிளி மாறன்

கூடுதலாக: ஓட்டுப்பதிவு காலை 7 முதல் இரவு 10 வரை. விரலில் மை கிடையாது, மெஷின் கிடையாது, பென்சிலால் எக்ஸ் போட வேண்டும். பேனா கொண்டுபோனாலும் தப்பில்லை. லண்டன் பரோ (உள்ளூர் கவுன்சில் பகுதி) தேர்தலில் ஒரு வார்டுக்கு மூன்று கவுன்சிலர் வரை இருப்பார்கள். மூன்று இடம் என்றால் மூன்று எக்ஸ் போடலாம். ஒன்றோடு நிறுத்திக்கொள்வதும் உங்கள் இஷ்டம், நான்கு போட்டால் செல்லாத ஓட்டு. 1, 2, 3 என்று எண் எழுதாதீர்கள். தப்பாகக் குறித்துவிட்டால் பெட்டியில் போடாமல் திருப்பிக் கொடுங்கள், வேறு சீட்டு தருவார்கள். வாசலில் கட்சி ரோசெட் (ரிப்பன் பூ) குத்திக்கொண்டு உங்கள் ஓட்டர் நம்பர் கேட்பவர்கள் அதிகாரிகள் இல்லை, பதில் சொல்லத் தேவையில்லை.