ஒன்சென் ரியோகான் (ஜப்பானிய வெந்நீர் ஊற்று விடுதி): ஒரே நீரை வடிகட்டித் திரும்பத் திரும்ப விடும் சுழற்சி நீருக்கு அவ்வளவு பணம் கொடுக்கலாமா?

வெந்நீர்ப்பிரியன்:
கூடாது. ஜப்பானின் 1948 சட்டப்படி ஊற்றில் 25 டிகிரி இருந்தாலே அது ஒன்சென். அதற்குக் கீழே இருந்தாலும் பட்டியலிலுள்ள 19 பொருட்களில் ஒன்று போதிய அளவு இருந்தால் போதும். அதனால் பெயரை நம்பாமல் உடைமாற்றும் அறையில் தொங்கும் பலகையைப் படியுங்கள். ஷிராஹொனே என்ற ஒன்சென் ஊரில் பால்நிறத்துக்காகக் குளியல்தூள் கலந்தது 2004இல் அம்பலமானது. மறுவருடமே தண்ணீர் சேர்த்தல், சூடேற்றல், சுழற்சி, கிருமிநாசினி பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று விதி வந்தது. ஊற்றுநீர் நேரே வந்து விளிம்பில் வழிந்தோடும் கக்கேநகாஷி தொட்டிக்குத்தான் அந்த வாடகை தகும்.

வடிகட்டி:
வழிந்தோடினால் சுத்தமாகிவிடுமா? 5,000 லிட்டர் தொட்டிக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர் வந்தால், ஒரு தொட்டி அளவு புதுநீர் சேரவே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மொத்த விடுதியும் குளித்து முடித்திருக்கும். ஓய்வு நீரில் மட்டும் இல்லை. கினோசாகி என்ற ஒன்சென் ஊரில் ஊற்றுநீரை ஓரிடத்தில் சேர்த்துக் குழாய்வழி ஊருக்கே பகிர்கிறார்கள். யுகாத்தா என்ற மெல்லிய பருத்தி அங்கி உடுத்தி, மரச்செருப்போடு ஏழு பொதுக் குளியல்களுக்கும் மெல்ல நடப்பதற்காகவே கூட்டம் அங்கே போகிறது.

வெந்நீர்ப்பிரியன்:
2002இல் ஹியூகா நகரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பரவி ஏழு பேர் இறந்தது சுழற்சிக் குளியலில்தான். குழாயிலும் வடிகட்டியிலும் படியும் வழுவழுப்பில் அது வளரும். குளோரின் குறைந்தால் தொட்டி முழுக்கப் பரவும். கந்தக ஊற்றிலோ குளோரினே வினைபுரிந்து வீணாகிறது, கந்தகமும் போய்விடுகிறது.

மூன்றுமுறைமுங்கி:
இருவரும் உடம்பை மறந்துவிட்டீர்கள். குசாத்சு என்ற ஒன்சென் ஊரின் நீரில் பிஎச் கிட்டத்தட்ட 2, அதாவது கடும் அமிலத்தன்மை. ஊற்றில் 50 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்யாமல் நீண்ட பலகைகளால் கிளறியே ஆற்றும் யுமோமி முறை அங்கேதான் பேர்போனது. அத்தனை வீரியமான நீரில் அரைமணி கிடந்தால் தலைசுற்றும், மென்தோல் எரியும். மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். எரிச்சல் இருந்தால் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு வாருங்கள். வெள்ளி நகையைக் கழற்றிவிடுங்கள், கருத்துப்போகும். நெடுநேரம் ஊறத்தான் ஆசை என்றால் கெரோ போன்ற காரத்தன்மையுள்ள மென்னீர் ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

எங்கே போனாலும் முதலில் சோப்புப் போட்டுக் குளித்து, காலிலிருந்து மேலாக வெந்நீர் ஊற்றிப் பழகிவிட்டு இறங்குங்கள். சிறு துண்டு தொட்டி நீரில் படக்கூடாது. இரவு உணவுக்கு முன் ஒரு முழுக்கு, உண்டு ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, விடியலில் ஒன்று. சாக்கே (அரிசி மது) குடித்தால் அன்றிரவு முழுக்கு வேண்டாம்.

வடிகட்டி:
இது சரி. ஆனால் பதிவு செய்யும்போதே "தொட்டியைத் தினமும் வடித்துக் கழுவுகிறீர்களா?" என்று கேளுங்கள். கக்கேநகாஷி விடுதியிடமும் கேளுங்கள்.

வெந்நீர்ப்பிரியன்:
தினமும் வடிக்காத இடத்துக்கு நானும் போகச் சொல்ல மாட்டேன். சுழற்சிக்கு அதே வாடகை என்பதைத்தான் இன்னும் ஏற்கமுடியவில்லை.