லாங்ஆர்ம் கில்ட் தையல் இயந்திரத்தில் வளைவு தைக்கும்போது அடியில் நூல் சுழிகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். 90 × 100 அங்குல கில்ட் (நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை), ஃபிரேமில் பாதி முடிந்திருக்கிறது. அடித்துணி நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதல், நடுவில் 80/20 பருத்தி-பாலியஸ்டர் பேட்டிங் (பஞ்சு அடுக்கு), மேலும் கீழும் 40 நம்பர் பாலியஸ்டர் நூல், ஊசி 18.

நேர்கோட்டில் தையல் சுத்தமாக விழுகிறது. வளைவில் வேகம் கூடினால் மட்டும் மேல்நூல் அடியில் இமைமுடி போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. மேல் டென்ஷனை (நூல் இழுவிசையை) இறுக்கினால் நூல் அறுந்துவிடுகிறது. பாபின் கேஸை (அடிநூல் கூட்டை) தளர்த்தி, பஞ்சுத் தூசி துடைத்து, ஊசியும் மாற்றியாச்சு.

துணியை ஃபிரேமில் அதிகமாக இழுத்துக் கட்டியதால் ஊசி வளைகிறதா? இல்லை, தைத்து முடித்த பகுதியைச் சுருட்டும் உருளை தடித்து, கில்ட் ஊசித் தட்டைவிட்டு மேலே தூக்கிவிட்டதா? இரண்டாவதுதான் காரணம் என்று தோன்றுகிறது. உருளையை எவ்வளவு இறக்குவீர்கள்? தட்டுக்கும் துணிக்கும் ஒரு விரல் இடைவெளி போதுமா? ஓரத்து அடித்துணியில் சோதித்துப் பார்க்க இடமிருக்கிறது.