புதுப்பிப்பு: பைக் மீட்டரில் ரேஞ்ச் திடீரென்று குறைந்த விஷயம்

வத்தலகுண்டில் 210 கி.மீ. ரேஞ்ச் (மீதி பெட்ரோலில் இன்னும் ஓடக்கூடிய தூரம்) காட்டிய என் டூரிங் பைக், கொடைக்கானல் மலைப்பாதையில் 40 கி.மீ. ஏறியதும் 130-க்கு இறங்கிவிட்டது, சென்சார் பழுதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பழுது இல்லை.

டேங்கில் மீதியுள்ள பெட்ரோலைக் கடைசியாக ஓட்டிய கொஞ்ச தூரத்தின் சராசரி மைலேஜால் பெருக்கித்தான் மீட்டர் அந்த எண்ணைத் தருகிறது. கிளம்பும்போது ஏழரை லிட்டர், சமவெளியில் கிடைத்த 28 மைலேஜ்: 210. ஏற்றத்தில் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே ஓட்டியதால் 19-தான் கிடைத்தது. இரண்டு லிட்டருக்கு மேல் செலவாகி, சராசரியும் 24-க்கு வந்துவிட்டது. மீதி 5.4 லிட்டர், கணக்கு சரியாக 130. இறங்கும்போது பார்த்தால், பெட்ரோல் போடாமலே ரேஞ்ச் ஏறிக்கொண்டிருந்தது! அதைப் பார்த்த பிறகுதான் மனசு லேசானது.

அப்புறம், ஃபுல் டேங்க் போட்டு ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி ஓட்டினேன். 397 கி.மீ. கழித்து மறுபடி நிரப்பியபோது 14.2 லிட்டர் பிடித்தது. லிட்டருக்கு ஏறக்குறைய 28. இனி நீண்ட பயணங்களில் ட்ரிப் மீட்டரில் 300 வந்தாலே பங்க் தேடுவேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.