கம்போடியா அனாதை இல்லத்துக்குப் பத்து நாள்: போலாமா, வேண்டாமா?

திருப்பூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். நாங்க பதினோரு பேர் சேர்ந்து ஆறு வருஷமா ஒரு சின்ன டிரஸ்ட் நடத்தறோம். தாராபுரம், குண்டடம் பக்கம் ஊராட்சிப் பள்ளிக்கூடங்களுக்கு நோட்டு, செருப்பு, ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கதவு. எங்க அளவு அவ்வளவுதான்.

போன வருஷம் எங்ககிட்டத் துணி வாங்கற ஒரு பையர் வழியாப் பழக்கமான ஒருத்தர், கம்போடியாவுல சியாம் ரீப் பக்கத்துல ஒரு அனாதை இல்லம் இருக்குது, பத்து நாள் வந்து புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுங்கன்னு கூப்பிடறார். தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் தலைக்கு 400 டாலர் அவங்களுக்குக் கட்டோணும். சித்திரை ஒண்ணையொட்டி லீவு போட்டு நாலு பேர் கிளம்பலாம்னு இருக்கறோம். கோயமுத்தூர்ல ஏறி, சிங்கப்பூர் மாறிப் போறாப்ல. குழந்தைங்க பனியன் 300 பீஸ் சர்ப்ளஸ் கையில இருக்குது, அதையும் கொண்டு போலாம். டிரஸ்ட் கணக்குல இருந்து ஒரு ஒன்றரை லட்சம் அங்க கொடுக்கலாம்னு ஒரு ரோசனை.

என்ற அம்மா மட்டும் ஒண்ணு கேட்டாங்க: "உங்கப்பன் போனப்ப ரெண்டு எருமைய வெச்சு உன்னைய ஊட்டுலயேதான் வளர்த்தேன். அங்க அந்தப் புள்ளைங்கள ஆரு கொண்டாந்து உடறாங்க?" எனக்குப் பதில் தெரியலைங்க. போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

குண்டடத்தான்:
கம்போடியாவுக்குப் பனியனா! கொல்லந்தெருவுல ஊசி விக்கற கதைதான் போங்க. அந்த நாடு பொழைக்கறதே துணி தெச்சு. 2020 ஆகஸ்ட்ல ஐரோப்பாக்காரன் அவங்களுக்குக் கொடுத்த வரிச்சலுகையில ஒரு பகுதியைத் திரும்ப எடுத்தப்போ, அந்த ஆர்டர்ல கொஞ்சம் நம்ம பக்கம் திரும்புமான்னு எங்க கட்டிங் மாஸ்டர் நாள் எண்ணிட்டு இருந்தார். 300 பீஸையும் எங்கூர் பள்ளிக்கூடத்துல கொடுங்க, நானே வண்டி கொண்டு வர்றேன்.

கோபி டீச்சர்:
கண்ணு, உங்கம்மா கேட்டதுதான் கேள்வி.

நான் முப்பத்தோரு வருஷம் அரசுப் பள்ளிக்கூடத்துல இருந்தேன், பாதிக்கு மேல ஒண்ணாப்புதான். 2017-ல ரிட்டயர் ஆயி, அடுத்த வருஷம் சிங்கப்பூர்ல மகன் ஊட்டுக்குப் போயிருந்தப்ப, அங்கிருந்து ரெண்டு மணி நேரம்தானேன்னு இதே மாதிரி சியாம் ரீப்புக்குக் கிளம்புனேன். அந்த இல்லத்துப் பேரு வேண்டாம். முப்பது சொச்சம் புள்ளைங்க. சாயங்காலம் அஞ்சானா வேன் வரும், வெளிநாட்டுக்காரங்க இறங்குவாங்க, புள்ளைங்க வரிசையா நின்னு ஆடோணும். ஆடி முடிச்சாத்தான் உண்டியல் சுத்தி வரும்.

அதுல ஏழு வயசுப் பொண்ணு ஒண்ணு முதல் நாளே என்ற மடியில வந்து உக்காந்துக்கிச்சு. என்ன பாசம்னு எனக்கு ஒரே பெருமை. ஒண்ணாப்பு டீச்சருக்கு அங்கயே உறைச்சிருக்கோணும். நம்மூர்ல ஜூன் மாசம் சேர்ற எந்தப் புள்ள முதல் நாளே டீச்சர் மடியில ஏறும்? முந்தானையப் புடிச்சுட்டு கேட்டுலயே கத்தும். கண்டவங்க மடியிலயும் ஒரு புள்ள ஏறுதுன்னா, பத்து நாளைக்கு ஒரு மடின்னு அதுக்குப் பழகிப் போச்சு. நானும் ஒரு பத்து நாள் மடிதான்.

ஆறாம் நாள் ஒரு பொம்பள வந்து வேலிக்கு மேல வாழைப்பழச் சீப்பு ஒண்ணை நீட்டுனா. இந்தப் பொண்ணு ஓடிப்போய் வாங்குச்சு. ஆருன்னு கேட்டா, அம்மாவாம்! தலைநகர் ப்னோம் பென்ல தையல் கம்பெனியில வேலை. மாசத்துக்கு ஒருக்கா பஸ் ஏறி வருவாளாம். படிப்பும் இங்கிலீஷும் கிடைக்கும்னு சொல்லிப் புள்ளைய வாங்கிட்டு வந்திருக்கறாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.

அங்க இல்லங்கள்ல இருக்கற புள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பனோ ஆத்தாளோ உசுரோட இருக்கறாங்கன்னு ஐ.நா.வோட குழந்தைங்க அமைப்பு யூனிசெஃப் எத்தனையோ வருஷமாச் சொல்லிட்டு இருக்குது. பார்க்க வர்றவங்க காசு கொடுக்கக் கொடுக்க, இல்லத்துக்குப் புள்ளைங்க தேவைப்படுது. இப்படி இல்லத்துக்குப் புள்ள புடிக்கறதை ஆஸ்திரேலியா 2018-லயே நவீன அடிமைத்தனத்துல சேர்த்துச்சு. அடுத்த வருஷம் ஐ.நா. பொதுச்சபையும் இதுக்கு எதிராத் தீர்மானம் போட்டுச்சு. இதையெல்லாம் நான் திரும்பி வந்த பொறவுதான் படிச்சேன், அதுதான் வெசனம்.

நம்மூர் மட்டும் என்ன வாழுது? பொறந்தநாளுக்கு ஆசிரமத்துல சாப்பாடு போட்டு, புள்ளைங்கள நிக்க வெச்சு போட்டோ. 2015 சிறார் நீதிச் சட்டப்படி அந்தப் புள்ளைங்க முகத்தை வெளியிடறதே குத்தம்.

போறதுன்னா கிராமத்து அரசுப் பள்ளிக்கூடத்துக்குப் போ. பள்ளிக்கூடத்தை அவங்க பாஷையில சாலா ரியென்னு சொல்லுவாங்க, நம்ம பாடசாலையில இருக்கற அதே சாலைதான். பல ஊர்ல காலையில ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம்னு அரை நாள்தான் பாடம். வாத்தியார்கிட்ட என்ன வேணும்னு கேட்டு, நோட்டை அந்த ஊர்க் கடையிலயே வாங்கு. டாலர் நோட்டு துளி கிழிஞ்சிருந்தாலும் வாங்க மாட்டாங்க, பார்த்து மாத்து. இன்னொண்ணு, சித்திரைக்குப் போகாதே. ஏப்ரல் 14-ஐ ஒட்டி அங்கயும் வருஷப் பொறப்பு, பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். அந்த வாரத்துல பாடம் எடுக்க வான்னு ஒருத்தர் கூப்பிடறார்னா, நீயே ரோசிச்சுக்க.

பெருந்துறை ஆடிட்டர்:
டிரஸ்ட் பணத்துல கை வைக்காதீங்க. வருமான வரிச் சட்டம் டிரஸ்ட்டுக்கு இந்தியாவுக்குள்ள செலவு பண்றதுக்குத்தான் விலக்கு கொடுக்குது. வெளிநாட்டுல செலவு பண்ண மத்திய நேரடி வரிகள் வாரியத்தோட அனுமதி வேணும், ஒன்றரை லட்சத்துக்கு யாரும் அந்தச் சோலிக்குப் போக மாட்டாங்க. கொடுத்தவங்களுக்கு வரிச்சலுகை ரசீது கொடுத்து வாங்குன பணம்னா இன்னும் வம்பு. ஆசையா இருந்தா உங்க சொந்தக் காசைத் தனி ஆளா அனுப்புங்க. தனி ஆள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பறதுக்கு ரிசர்வ் வங்கி வெச்சிருக்கற எல்.ஆர்.எஸ். திட்டம் வழியா வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரைக்கும் போகும், கொடையும் அதுல அடக்கம். அப்பறம் டூரிஸ்ட் விசா ஊர் பார்க்கறதுக்குத்தாங்க. பாடம் எடுக்க எந்த விசான்னு அவர்கிட்ட எழுத்துல கேளுங்க.

திருப்பூர்க்காரி:
எல்லாருக்கும் நன்றிங்க. அவர்கிட்ட மூணு கேள்வி மெயில் போட்டேன். எத்தனை புள்ளைங்களுக்கு அப்பா அம்மா இருக்கறாங்க, அரசாங்கப் பதிவு நம்பர் என்ன, எந்த விசா. புள்ளைங்க ஆடற வீடியோ ரெண்டு வந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல. டிக்கெட் போடல. குண்டடத்து அண்ணா, ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டாங்க.

டீச்சர், நீங்க எழுதுனதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "அந்த வாழப்பழக்காரிக்கு என்ன சம்பளம் இருக்கும்?"னு கேட்டாங்க. 2018-ல அங்க தையல்காரங்களுக்குக் குறைஞ்சபட்சக் கூலி மாசம் 170 டாலர், துணிக்கு விலைக் கணக்குப் போடறப்பப் பார்த்தது ஞாபகம் இருக்குது. சொன்னேன். நாங்க நாலு பேர் கட்ட இருந்தது 1,600. அம்மா விரல் உட்டு எண்ணிட்டு, "ஒம்போது மாசம்"னாங்க. அப்பறம் எருமைக்குத் தண்ணி காட்டப் போயிட்டாங்க.