மறு: நோக்கத்துக்கும் 'காரணம்'தானா? (லோஜ்பான் கலைச்சொல்)

> நாலுக்கும் 'காரணம்'னே வச்சு முன்னால ஒரு அடைமொழி போட்டா போதாதா? பௌதிகக் காரணம், மனக் காரணம், நியாயக் காரணம், தருக்கக் காரணம். அதே கணக்குல 'நோக்கக் காரணம்'.

லோஜ்பான் (தருக்கத்த அடிப்படையா வச்சு செயற்கையா உருவாக்கின மொழி) காரணத்த நாலு விதமா பிரிக்குது, நோக்கத்துக்கு தனியா ஒண்ணு வச்சிருக்கு, இதுக்கெல்லாம் தமிழ்ல என்ன பேர் வைக்கறதுங்கறதுதான் பேச்சு. முதல் நாலோட எனக்கு பெரிய சண்டை இல்லீங்க, அஞ்சாவதுதான் இடிக்குது.

நம்ம 'ஆல' எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டிடுது. மழை பெஞ்சதால தரை நனைஞ்சுதுன்னா லோஜ்பான்ல ரிஹா, கோவம் வந்ததால கத்தினேன்னா முஹி, ஜெயிச்சதால பரிசு குடுத்தாங்கன்னா கிஹு, முக்கோணமா இருக்கறதால கோணமெல்லாம் கூட்டினா 180 பாகைன்னா நிஹி. வேர்ச்சொல் முறையே ரின்கா, முக்தி, க்ரினு, நிப்லி. (முக்திங்கற வேர்ச்சொல் ரோமன் எழுத்துல எழுதினா அஞ்செழுத்து, தெரிஞ்சு வச்ச மாதிரியே இருக்கு.)

இது நாலும் 'ஏன்'கற கேள்விக்கு பதில். 'எதுக்கு'ன்னு கேட்டா வேற இடம், அதுக்கு தே ஸுஹே. ஸுஹேயோட வேர்ச்சொல்லான ஸுக்தேங்கற வினைக்கு மூணு இடம் உண்டு, யார் செய்யறாங்க, என்ன செய்யறாங்க, எதை அடையறதுக்கு செய்யறாங்க, அந்த மூணாவதை முன்னால இழுக்கறதுதான் 'தே'.

மொழிபெயர்க்கறப்ப நம்மாளுங்க வழுக்கற இடம் 'க்காக'. தப்பு பண்ணினதுக்காக திட்டினாங்க, இது காரணம். பஸ்ஸ புடிக்கறதுக்காக ஓடினான், இது நோக்கம். உருபு ஒண்ணேதான், முன்னால இருக்கற எச்சத்தோட காலத்த வச்சுத்தான் நாம பிரிச்சுக்கறோம், அதுவும் எப்பவும் கை குடுக்காது, 'நல்லா படிக்கறதுக்காக பரிசு குடுத்தாங்க'ன்னா இப்ப நல்லா படிக்கறான்னு குடுத்தாங்களா இனிமே படிக்கட்டும்னு குடுத்தாங்களா? லோஜ்பான்ல 'நு' போட்டு கட்டற நிகழ்வுக்கு காலம் சொல்லணும்னு கட்டாயமே இல்ல, அதனால அந்த வேலைய இணைப்புச் சொல்தான் செஞ்சாகணும்.

'உன்னப் பாக்கறதுக்காக வந்தேன்' எடுத்துக்கங்க. மி க்லாமா தே ஸுஹே லோ நு மி விஸ்கா தோ. இங்க வந்தது மட்டும்தான் உறுதி, பாத்தேனா இல்லையாங்கறத வாக்கியம் சொல்லவே இல்ல. இதையே ரெண்டு வாக்கியமா ஒடைச்சு நடுவுல முஹிய வச்சு வாக்கியங்கள இணைக்கற 'இ முஹி போ' போட்டா ரெண்டுமே நடந்ததுன்னு அடிச்சு சொன்னதா ஆயிடும், அதாவது உன்னப் பாத்தேன், அது உந்தினதால வந்தேன். கதையே தலைகீழ். புதுசா எழுதறவங்க வாக்கியம் நீளுதேன்னு ஒடைக்கறாங்க, அர்த்தமும் சேந்து ஒடையுது.

அதனாலதான் சொல்றேன், இன்னும் நடக்காத, நடக்காமலே போகக்கூடிய ஒண்ணுக்கு காரணம்னு பேர் வேண்டாம். 'பொருட்டு'ன்னே வைப்போம். நன்னூல்ல நாலாம் வேற்றுமைக்கு சொல்ற பொருள்கள்ல 'பொருட்டு' ஏற்கனவே உக்காந்திருக்கு, நாம புதுசா ஒண்ணும் செதுக்க வேண்டியதில்ல. நோக்கங்கற அர்த்தத்துல பேச்சுல இப்ப அநேகமா யாரும் சொல்றதில்லங்கறது எனக்கு வசதிதான், கலைச்சொல்லுக்கு மத்த அர்த்தத்தோட தூசி கம்மியா இருக்கறது நல்லது.

> சைவ சித்தாந்தத்துல முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம்னு இருக்கே, அத எடுத்துக்கலாமே?

ஆசைதான், ஆனா பொருந்தாதுங்க. குடத்துக்கு மண்ணு, சக்கரம், குயவன்னு அது பிரிக்கறது ஒரு பொருள் உண்டாக என்னென்ன வேணும்கறத. லோஜ்பான் பிரிக்கறது ரெண்டு நிகழ்வுக்கு நடுவுல என்ன மாதிரி உறவுன்னு.

மத்த நாலுக்கு என் முன்மொழிவு: ரின்காவுக்கு விளைகாரணம், முக்திக்கு உந்துகாரணம், நிப்லிக்கு ஏது (மணிமேகலை காலத்துலேயே தருக்கத்துல புழங்கின சொல்லு). க்ரினுவுக்கு 'முகாந்திரம்' மனசுல இருக்கு, கோர்ட்டு வாடை அடிக்குதுன்னு சிலர் சொல்லலாம், ஆனா 'நியாயக் காரணம்'னா நியாயமில்லாத காரணம்னு ஒண்ணு இருக்கோன்னு கேக்கத் தோணுது. அக்கா, போன வாரம் நீங்க க்ரினுவுக்குச் சொன்ன 'அடிப்படை' ரொம்ப அகலம், அத விட்டுடலாம். முகாந்திரம் புடிக்காதவங்க மாத்து சொல்லுங்க, சும்மா வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க.