சாக்கடை ஊருணிக்குள் விழுகிறது: மெஷினா, குட்டையா?

வார்டு மூணு:
சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர், 320 வீடு. வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் வாய்க்கால் வழியாக ஊருணியில் விழுகிறது. படித்துறை ஓரம் சோப்பு நுரை. போன கோடை வரை அங்கே குடித்த மாடு இப்போது முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது.

ஒரு கம்பெனிக்காரர் வந்து, காற்று ஊதுகிற மெஷின் வைத்துச் சுத்தம் பண்ணலாம் என்றார். கரண்டு பில் யார் கட்டுவது என்று கேட்டேன், சிரித்தார். ஊருக்குக் கிழக்கே 30 சென்ட் புறம்போக்கு இருக்கிறது. குட்டை வெட்டினால் தெளியுமா? கொசு வரும் என்று ஊரில் பயப்படுகிறார்கள்.

பழைய ஓவர்சியர்:
தெளியும் தம்பி. ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்கில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். வீட்டுக்கு 4 பேர் என்றால் 70,400 லிட்டர், அதில் 80 சதவீதம், அதாவது 56,000 லிட்டர் சாக்கடைக்கு வரும். அது குட்டையில் 15 நாள் தங்கவேண்டும். நாலடி ஆழத்தில் அதற்கு 17 சென்ட், கரையோடு 25 வைத்துக்கொள்ளுங்கள். ஆழத்தைக் கூட்ட விடாதீர்கள், ஜேசிபிக்காரர் கை சும்மா இருக்காது. வெயில் உள்ளே இறங்கவேண்டும். வெயிலில் பாசி விடுகிற ஆக்சிஜனில்தான் பாக்டீரியா அழுக்கைத் தின்கிறது. தண்ணீர் பச்சையாக இருந்தால் வேலை நடக்கிறது. கறுத்து நாறினால் சுமை அதிகம்.

கொசு நடுத்தண்ணீரில் வராது, கரைப்புல்லில்தான் வரும். ஓரமெல்லாம் கல் பதித்துவிடுங்கள். வழிகிற தண்ணீர் தென்னைக்குப் போகட்டும், ஊருணிக்கு வேண்டாம்.

வெட்டும் முன் ஒரு வேலை. வாய்க்கால் விழுகிற இடத்தில் 15 லிட்டர் வாளியை வைத்து, எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று மணிக்கு ஒருமுறை எழுதுங்கள். ராத்திரியும் சேர்த்து.

கருங்குழிக்காரன்:
செப்டிக் டேங்க் லாரி அந்தப் பக்கமே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. ராத்திரியில் ஒரு லோடு கவிழ்த்தால் போதும், குட்டை கறுத்துவிடும். எங்கள் கருங்குழிப் பேரூராட்சியில் அதற்கென்றே 2017இல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. மதுராந்தகத்து லாரியும் இங்கேதான் வரும். கசடைப் படுகையில் விட்டுக் காயவைக்கிறார்கள். உங்கள் பக்கம் அப்படி எது இருக்கிறது என்று விசாரியுங்கள்.

வார்டு மூணு:
அளந்தேன் சார். காலை 7 மணிக்கு 6 நொடி, மதியம் 20. ராத்திரி 2 மணிக்கு ஊரே தூங்குகிறது, 50 நொடியில் வாளி நிரம்புகிறது! அதுவும் கண்ணாடி மாதிரித் தண்ணீர். டார்ச் அடித்துக்கொண்டு வாய்க்காலோடு மேலே போனேன். மேல்நிலைத் தொட்டியைக் கழுவிவிடுகிற வால்வு சரியாக மூடவில்லை. ஒரு நாளைக்கு 26,000 லிட்டர் குடிநீர் நேராகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எத்தனை மாதமாக என்று டேங்க் ஆபரேட்டருக்கும் தெரியவில்லை.

பழைய ஓவர்சியர்:
நினைத்தேன். இதோடு குட்டை வெட்டியிருந்தால் 15 நாள் தங்கவேண்டியது 10 நாளில் வழிந்திருக்கும். வால்வில் மண் சிக்கியிருக்கும், கழற்றிப் பாருங்கள். மாட்டிவிட்டு மறுபடி வாளியை வையுங்கள், அப்புறம் குட்டை அளவைப் பேசலாம்.